கிராபிக்ஸ் கார்டு பவர் கேபிள்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிற நண்பர்கள், நண்பர்களின் தம்பிகள், தம்பிகளின் நண்பர்கள் என்று யார் கூப்பிட்டாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது: இந்த ஒயரைத்தான் இதில் செருகணுமா, செருகினால் எரியுமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அலுத்துப் போனதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

கார்டைத்தான் மதர்போர்டுல செருகியாச்சே, அப்புறம் தனியா பவர் கேபிள் எதுக்கு?

மதர்போர்டு ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட்தான் தரும். அதிலும் 12 வோல்ட் பக்கம் கிடைப்பது 66 வாட், மிச்சம் 3.3 வோல்ட்டில். சின்ன கார்டுகளுக்கு இதுவே போதும், அவற்றில் பவர் சாக்கெட்டே இருக்காது. ஆனால் என்விடியா நிறுவனத்தின் பெரிய கார்டான ஆர்டிஎக்ஸ் 4090 சாப்பிடுவது 450 வாட், 5090 என்றால் 575 வாட். அதை மதர்போர்டு வழியாகக் கொண்டுவர முடியாது என்பதால்தான் பவர் சப்ளையிலிருந்து நேராக ஒரு கேபிள்.

6 பின், 8 பின், 16 பின்னு சொல்றாங்களே, எது எவ்வளவு தாங்கும்?

6 பின் 75 வாட். 8 பின் 150 வாட். 16 பின் 600 வாட். இது தர விதிகளில் உள்ள கணக்கு, பிளாஸ்டிக் எவ்வளவு தாங்கும் என்பது வேறு கதை.

8 பின்னில் எட்டுமே கரண்ட் கொண்டுவருவதாகப் பலர் நினைக்கிறார்கள். மூன்றுதான் 12 வோல்ட், மற்றவை கிரவுண்ட். 16 பின்னில் பெரிய பின்கள் பன்னிரண்டு, அதில் ஆறு 12 வோல்ட், ஆறு கிரவுண்ட். அதன் மேல் ஓரத்தில் நான்கு குட்டி பின்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், அவற்றைப் பற்றிப் பிறகு. இந்த 16 பின்னின் முதல் வடிவத்துக்குப் பெயர் 12விஎச்பிடபிள்யூஆர், திருத்திய வடிவத்துக்குப் பெயர் 12வி-2×6. இரண்டையும் சேர்த்து 16 பின் என்றே எழுதுகிறேன், இல்லாவிட்டால் விரல் வலிக்கும்.

இத்துனூண்டு பிளக் எப்படி நாலு 8 பின்னோட வேலையைப் பாக்குது?

எல்லாக் குழப்பத்துக்கும் இந்தக் கேள்விதான் வேர், அதனால் கொஞ்சம் கணக்கு போடுவோம். 150 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 12.5 ஆம்பியர். 8 பின்னில் அதை மூன்று பின்கள் பங்கு போடுகின்றன, ஆளுக்கு சுமார் 4.2 ஆம்பியர். அந்தப் பின்கள் அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கைத் தாங்கும். அதாவது பாதி வேலைதான் வாங்குகிறோம்.

16 பின்னில் 600 வாட் என்றால் 50 ஆம்பியர். ஆறு பின்களுக்குப் பிரித்தால் ஆளுக்கு 8.3 ஆம்பியர். பின்னின் தாங்கும் அளவு சுமார் 9.5. பின்களும் சின்னவை: 8 பின்னில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் 4.2 மில்லிமீட்டர், இதில் 3 மில்லிமீட்டர்தான். எல்லாம் சரியாக இருக்கும்வரை கணக்கு சரியாகவே வரும். ஆனால் ஏதாவது ஒன்று பிசகினால் தாங்கிக்கொள்ள மிச்சம் எதுவும் இல்லை. பழைய 8 பின் நம் தப்பையெல்லாம் மன்னித்துவிடும், இது மன்னிக்காது.

உருகுறது நிஜம்தானா, இல்ல யூடியூப்ல பயமுறுத்துறாங்களா?

நிஜம்தான். 2022 அக்டோபரில் 4090 விற்பனைக்கு வந்த சில வாரங்களிலேயே கருகிய பிளக்குகளின் படங்கள் வர ஆரம்பித்தன. அந்த நவம்பரில் என்விடியா தனக்குத் தெரிந்தவரை சுமார் 50 சம்பவங்கள் என்றும், பிளக் முழுதாகச் செருகப்படாதது பொதுவான காரணமாகத் தெரிகிறது என்றும் சொன்னது. விற்ற கார்டுகளோடு பார்த்தால் சின்ன எண்ணிக்கைதான். ஆனால் கருகியது உங்கள் கார்டாக இருந்தால் அந்த விகிதம் ஆறுதல் தராது.

உருகுவது ஏன்? பெரும்பாலும் ஒயர் உருகுவதில்லை, பின்னும் பின்னும் தொடும் இடம்தான் சூடாகிறது. அந்த இடத்தில் உருவாகும் வெப்பம் ஆம்பியரின் வர்க்கத்தோடு ஏறும்: கரண்ட் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. பாதி செருகிய பிளக்கில் தொடும் பரப்பு குறைகிறது, மின்தடை ஏறுகிறது, சூட்டில் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்கிறது, தளர்ந்ததால் இன்னும் சூடு.

ஒரு நண்பரின் கார்டில் இதைக் கையில் பிடித்தே பார்த்தேன். கம்ப்யூட்டர் கேம் நடுவில் கறுத்த திரையோடு நின்றுவிடுகிறது என்று கொண்டுவந்தார். பிளக்கைக் கழற்றினால் ஒரு ஓரத்தில் இரண்டு ஓட்டைகளின் சுவர் இளகி ஒன்றோடொன்று சேர்ந்து போயிருந்தது, பக்கத்துப் பின்கள் நான்கும் புதுக் கருக்கு மாறாமல் பளபளவென்று இருந்தன. கிளிப் சாக்கெட்டில் மாட்டியே இருக்கவில்லை. தப்பு அவர்மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டவனுக்கு இவ்வளவு பெரிய தண்டனை தருகிற பிளக்கை வடிவமைத்தவர்மேலும் பாதித் தப்பு இருக்கிறது என்பது என் கட்சி.

முழுசா உட்கார்ந்துச்சான்னு எப்படித் தெரியும்? 'டிக்'னு சத்தமே கேக்கலையே

சத்தத்தை நம்ப வேண்டாம், சில பிளக்குகளில் அது வராது, வந்தாலும் ஃபேன் இரைச்சலில் கேட்காது. கார்டை கேபினெட்டில் மாட்டுவதற்கு முன்பே மேஜைமேல் வைத்து ஒருமுறை செருகிப் பாருங்கள், எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று கைக்குத் தெரிந்துவிடும். பிறகு மொபைல் டார்ச்சை அடித்துப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும்: பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே கோடுபோல் இடைவெளி தெரியக்கூடாது. அப்புறம் கிளிப்பை அழுத்தாமல் பிளக்கை மெதுவாகப் பின்னால் இழுங்கள், அசையக்கூடாது. இழுக்கும்போது ஒயரைப் பிடிக்காதீர்கள், பிளக்கின் உடம்பைப் பிடியுங்கள்.

சில தயாரிப்பாளர்கள் பிளக்கின் நுனிக்கு மஞ்சள் போன்ற பளிச்சென்ற நிறம் கொடுக்கிறார்கள். வெளியே மஞ்சள் தெரிந்தால் இன்னும் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். இவ்வளவு எளிய யோசனை முதல் நாளிலேயே வந்திருக்கலாம்.

கேபினெட் கண்ணாடியை மூடணும்னா கேபிளை மடக்கித்தான் ஆகணும். மடக்கலாமா?

பிளக்கை விட்டு வெளியே வந்ததும் 35 மில்லிமீட்டராவது நேராகப் போகட்டும், அதற்குப் பிறகு வளைக்கலாம். பிளக்கை ஒட்டியே மடக்கினால், அதுவும் இடது வலதாகப் பக்கவாட்டில் மடக்கினால், ஒரு பக்கப் பின்கள் இழுபட்டு லேசாக வெளியே வரும். பார்ப்பதற்கு முழுதாகச் செருகியதுபோலவே இருக்கும், ஓரத்துப் பின் மட்டும் அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கும். மூட முடியாத அளவுக்கு கேபினெட் குறுகல் என்றால் கண்ணாடியைத் திறந்தே வையுங்கள். தூசி துடைப்பது கார்டு மாற்றுவதைவிடச் சுலபம்.

90 டிகிரி அடாப்டர் வாங்கிட்டா மடக்கவே வேண்டாமே?

யோசனை நல்லதுதான், ஆனால் அடாப்டர் என்பது நடுவில் இன்னொரு மூட்டு. மூன்று கேள்விக்கு முன்னால் சொன்ன தொடும் இடம் இப்போது இரட்டிப்பாகிறது. கேபிள்மாட் நிறுவனத்தின் கோண அடாப்டர்கள் இதற்குப் பெரிய உதாரணம்: தளர்வதும் சூடாவதும் உருகுவதுமாகப் புகார்கள் வந்து, 2024 பிப்ரவரியில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் சுமார் 25,300 அடாப்டர்களைத் திரும்பப் பெறும் அறிவிப்பை வெளியிட்டது. 272 புகார்கள் என்று அதில் இருந்தது. உங்களிடமோ, செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார்டோடோ அப்படி ஒன்று இருந்தால் பயன்படுத்தாதீர்கள்.

பிளக்கே கோணமாக வார்க்கப்பட்ட கேபிள் வேறு. அதில் கூடுதல் மூட்டு கிடையாது. ஆனால் வாங்கும் முன் உங்கள் கார்டில் சாக்கெட்டின் கிளிப் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள், மாறிப்போனால் ஒயர் கார்டின் ஹீட்சிங்க் பக்கம் திரும்பி நிற்கும்.

அந்த நாலு குட்டிப் பின் என்ன பண்ணுது?

இந்த கேபிள் எத்தனை வாட்டுக்கு உரியது என்று கார்டுக்குச் சொல்வதுதான் அவற்றின் முக்கிய வேலை. அதைச் செய்வது அவற்றில் இரண்டு, சென்ஸ் பின்கள் என்று பெயர். அவை கிரவுண்டோடு சேர்ந்திருக்கின்றனவா, திறந்திருக்கின்றனவா என்பதை வைத்து 600, 450, 300, 150 வாட் என்று கார்டு புரிந்துகொள்ளும்.

அவை கரண்டையோ வெப்பத்தையோ அளப்பதில்லை. இதைப் பலர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கேபிள் '600 வாட்' என்று சொன்னால் கார்டு நம்பிவிடும், பின்கள் கொதித்துக்கொண்டிருந்தாலும்.

12விஎச்பிடபிள்யூஆர், 12வி-2×6 ரெண்டும் ஒண்ணா? பழைய கேபிளை புது கார்டுல போடலாமா?

போடலாம். மாறியது பெரும்பாலும் கார்டின் மேல் இருக்கும் சாக்கெட்தான். 2023இல் வந்த 12வி-2×6இல் குட்டி பின்களைக் கட்டையாக்கி, பெரிய பின்களை 0.25 மில்லிமீட்டர் நீளமாக்கினார்கள். பிளக் சரியாக உள்ளே போகாவிட்டால் குட்டி பின்கள் தொடாது, தொடாவிட்டால் கார்டு பவர் எடுக்காது. முதல் வடிவத்தில் சென்ஸ் பின்கள் இரண்டும் தொடாவிட்டாலும் 150 வாட்டுக்கு அனுமதி உண்டு, புதியதில் பூஜ்யம். சாக்கெட் பக்கத்தில் எச்++ என்று பொறித்திருந்தால் புதியது, எச்+ என்றால் பழையது.

பெயர் மாறிவிட்டது என்பதற்காக நல்ல நிலையில் இருக்கும் கேபிளைத் தூக்கிப்போட வேண்டாம். அதேபோல் புது சாக்கெட் என்றதும் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் எண்ண வேண்டாம். அரைகுறையாகச் செருகுவதை அது தடுக்கும், பின்னுக்கு 8.3 ஆம்பியர் என்ற கணக்கு அப்படியேதான் இருக்கிறது.

கார்டு டப்பாவுல வந்த ஆக்டோபஸ் அடாப்டரே போதுமா? புது பவர் சப்ளை வாங்கணுமா?

ஆக்டோபஸ் என்பது பல 8 பின் கேபிள்களை ஒரே 16 பின்னாகச் சேர்க்கும் அடாப்டர். பவர் சப்ளை தரமானது, போதுமான வாட் உள்ளது, தனித்தனி 8 பின் கேபிள்கள் இருக்கின்றன என்றால் அதுவே போதும். 4090, 5090 இரண்டுக்கும் நான்கு 8 பின் அடாப்டர் வருகிறது, 5080க்கு மூன்று. நாலுகால் அடாப்டரில் ஒரு காலைத் தொங்கவிட்டு மூன்றை மட்டும் செருகினால் 600க்குப் பதில் 450 வாட் என்று சென்ஸ் பின் சொல்லும். 4090 அதில் ஓடும். 575 வாட் கேட்கும் 5090க்கு நான்கையும் செருகித்தான் ஆகவேண்டும்.

புதிதாக வாங்குவதாக இருந்தால் ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 என்று எழுதியதாகப் பாருங்கள், பவர் சப்ளைகளுக்கான தர விதியின் பெயர் அது. இந்தக் கார்டுகள் கண்ணிமைப்பதற்குள் திடீரென்று பல மடங்கு பவரை இழுக்கும், பவர் சப்ளை தன் அளவைப்போல் இரண்டு மடங்கை 100 மைக்ரோசெகண்டுக்குத் தாங்க வேண்டும் என்று அந்த விதி சொல்கிறது. 'கேம் ஆரம்பிச்சதும் ஆஃப் ஆகுது' என்ற புகார்களில் பல இந்தத் திடீர் இழுப்பால் வருபவைதான்.

ஒரே கேபிள் நுனியில ரெண்டு 8 பின் தொங்குதே, ரெண்டையும் அதே கார்டுல மாட்டலாமா?

கார்டு 200 வாட், 220 வாட் ரகம் என்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதற்கு மேல் வேண்டாம். இரண்டு பிளக்கும் சேர்ந்து 300 வாட் கேட்கும், ஆனால் அது வருவது பவர் சப்ளை முனையில் இருக்கும் ஒரே பிளக் வழியாக. தனிக் கேபிள் இருக்கும்போது அதை டப்பாவிலேயே வைத்துவிட்டு இதில் மிச்சம் பிடிப்பானேன்? ஆக்டோபஸ் அடாப்டருக்கும் இதேதான்: ஒரு காலுக்கு ஒரு தனிக் கேபிள்.

என் 600 வாட் கேபிள்ல பவர் சப்ளை பக்கம் ரெண்டே 8 பின்தான். அடாப்டருக்கு மட்டும் நாலு கேக்குறாங்க. யாரு ஏமாத்துறா?

யாரும் ஏமாற்றவில்லை. 150 வாட் என்பது கார்டு பக்கத்து 8 பின்னுக்கான விதி. அடாப்டர் எந்த பவர் சப்ளையோடு சேரும் என்று தெரியாது, அதனால் அந்த விதிப்படி நான்கு கேட்கிறது. பவர் சப்ளை பக்கத்துச் சாக்கெட்டோ தயாரிப்பாளரின் சொந்த வடிவம், பார்க்க 8 பின் போல இருந்தாலும் எந்தப் பின்னில் என்ன, எவ்வளவு என்பதை முடிவு செய்வது அவர்தான். தடித்த ஒயரும் நல்ல டெர்மினலும் போட்டு ஒன்றுக்கு 300 வாட் என்று அவர் உறுதி தரலாம்.

நண்பனோட பவர் சப்ளை கேபிள் என்னோடதுலயும் கச்சிதமா உட்காருது. போடட்டுமா?

கூடவே கூடாது. மேலே சொன்னதன் மறுபக்கம் இது. பவர் சப்ளை பக்கத்துப் பின் வரிசைக்குப் பொது விதியே இல்லை, ஒரே பிராண்டின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே மாறும். கச்சிதமாக உட்காரும், சுவிட்சைப் போட்டதும் கிரவுண்ட் இருக்க வேண்டிய இடத்தில் 12 வோல்ட் பாயும். பவர் சப்ளை தற்காத்துக்கொண்டு ஆஃப் ஆனால் அதிர்ஷ்டம். பவர் சப்ளையை மாற்றும்போது பழைய கேபிள்களை உள்ளேயே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றுகிற சோம்பேறித்தனமும் இதில் சேர்த்தி.

சிபியு 8 பின் ஒண்ணு சும்மா கிடக்கு. அதை கார்டுக்குப் போட முடியாதா?

முடியாது. சிபியு 8 பின்னில் நான்கு 12 வோல்ட், நான்கு கிரவுண்ட், அதுவும் தலைகீழ் வரிசையில். பின்களின் வடிவமும் வேறு என்பதால் சாதாரணமாக நுழையாது, பலத்தைக் காட்டினால் நுழைந்துவிடும், அதுதான் ஆபத்து.

ஒரு விதிவிலக்கு. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் ஏ6000 போன்ற சில தொழில்முறை கார்டுகளில் இருப்பது சிபியு வகை 8 பின் சாக்கெட்டேதான். செகண்ட் ஹேண்டில் அப்படி ஒன்று வாங்கி, சாதாரண கார்டு கேபிளை வைத்துத் திணறியவர்கள் உண்டு. சாக்கெட்டை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

சாட்டா பிளக்ல இருந்து 8 பின் எடுக்குற அடாப்டர்?

ஹார்டு டிஸ்குக்குப் பவர் தரும் சாட்டா பிளக்கின் 12 வோல்ட் பக்கம் தாங்குவது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். 150 வாட் கேட்கும் சாக்கெட்டுக்கு. வேண்டாம்.

முழுசா செருகினேன், நல்ல கேபிள், மடக்கவும் இல்ல. அப்பவும் ஒரு ஒயர் மட்டும் சூடா இருக்கே?

இதுதான் உண்மையிலேயே எரிச்சலான விஷயம். ஆறு பின்னும் ஆளுக்கு 8.3 ஆம்பியர் என்று மேலே கணக்கு போட்டேன் அல்லவா, அது சமமாகப் பங்கு போட்டால். கரண்ட் அப்படி நியாயம் பார்க்காது, எந்த வழியில் மின்தடை குறைவோ அந்த வழியில் அதிகம் ஓடும். ஆறு குழாயில் நான்கு லேசாக அடைத்திருந்தால் மற்ற இரண்டில் வெள்ளம் பாய்வதுபோல.

4090க்கு முந்தைய 3090 டிஐ கார்டில் ஆறு பின்களை இரண்டிரண்டாகப் பிரித்து மூன்று ஜோடிகளையும் தனித்தனியாக அளந்து, சுமையைப் பங்கு போட்டார்கள். 4090இலிருந்து ஆறும் கார்டுக்குள் நுழைந்ததும் ஒரே தடத்தில் சேர்ந்துவிடுகின்றன. எந்த ஒயரில் எவ்வளவு ஓடுகிறது என்று கார்டுக்கே தெரியாது. 2025 பிப்ரவரியில் ஜெர்மானிய ஓவர்கிளாக்கர் (கார்டுகளை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டிப் பார்ப்பவர்) ரோமன் ஹார்டுங் 5090 ஒன்றில் அளந்து காட்டியபோது ஒரே ஒயரில் 20 ஆம்பியருக்கு மேல் போய்க்கொண்டிருந்தது, பவர் சப்ளை முனையில் 150 டிகிரி தொட்டது. பயன்படுத்துபவர் முழுதாகச் செருகவில்லை என்ற விளக்கம் இங்கே எடுபடவில்லை. ஏசஸின் ஆஸ்ட்ரல் போன்ற சில கார்டுகள் ஒவ்வொரு பின்னின் கரண்டையும் தனியாக அளந்து எச்சரிக்கின்றன. மற்றவர்களுக்கு டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர்தான் வழி: லோடு கொடுத்துவிட்டு ஆறு 12 வோல்ட் ஒயர்களையும் ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். ஒன்று 10ஐத் தாண்டி, இன்னொன்று 2, 3இல் கிடந்தால் கேபிளை மாற்றுங்கள்.

பவர் லிமிட்டைக் குறைச்சா பிரயோஜனம் இருக்கா?

நிறைய. 450 வாட்டை 360ஆக, அதாவது 80 சதவீதமாகக் குறைத்தால் மொத்தம் 37.5 ஆம்பியரிலிருந்து 30க்கு வரும். பின் ஒன்றுக்கு 6.25 இருந்தது 5 ஆகிறது. வர்க்கக் கணக்கு ஞாபகம் இருக்கிறதா, தொடும் இடத்தின் வெப்பம் 36 சதவீதம் குறைகிறது. கேமில் இழக்கும் வேகமோ அதைவிட மிகக் குறைவு, ஃபேன் சத்தமும் அடங்கும். நான் என் கார்டை வாங்கிய நாளிலிருந்து இப்படித்தான் ஓட்டுகிறேன்.

ஏஎம்டி வாங்கினா இந்தத் தலைவலியே இல்லையா?

பெரும்பாலும் இல்லை. என்விடியாவின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் 355 வாட் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் இரண்டு 8 பின்னோடுதான் வந்தது. ஆனால் 9070 எக்ஸ்டியில் சில தயாரிப்பாளர்களின் மாடல்கள் 16 பின்னுக்கு மாறியிருக்கின்றன, டப்பாவைப் பார்த்து வாங்குங்கள். 304 வாட் கார்டு என்பதால் பின்னுக்கு வரும் சுமை 5090 அளவுக்கு இருக்காது.

மாசாமாசம் கழட்டிப் பாத்துக்கிட்டே இருக்கணுமா?

வேண்டாம், அதுவே கெடுதல். இந்த பிளக் சுமார் 30 தடவை செருகிக் கழற்றுவதற்குத்தான் கணக்கிடப்பட்டது, ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிங் கொஞ்சம் தளரும். டார்ச்சால் இடைவெளி பார்ப்பதும் மூக்கால் வாசனை பார்ப்பதும் போதும். சூடான பிளாஸ்டிக் வாசனை வந்தால் அல்லது காரணமில்லாமல் திரை கறுத்தால் அப்போது கழற்றுங்கள், கம்ப்யூட்டரை அணைத்து, சுவர் பிளக்கையும் எடுத்துவிட்டு.

லேசா பழுப்பாத்தான் ஆகியிருக்கு. கேபிளை மட்டும் மாத்திட்டு ஓட்டலாமா?

முன்னால் சொன்ன நண்பரும் இதையேதான் கேட்டார். கார்டின் சாக்கெட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். பின் ஒன்று நிறம் மாறியிருந்தால், அல்லது அதைச் சுற்றிய பிளாஸ்டிக் இளகி ஒட்டியிருந்தால், புது கேபிளும் அதே இடத்தில்தான் போய்ச் சூடாகும். சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டாம், பூச்சு போய்விடும். இரண்டு முனைகளையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு வாரண்டிக்கு அனுப்புங்கள், உருகிய கேபிளையும் சேர்த்து. வாரண்டி முடிந்திருந்தால் சாக்கெட்டை மாற்றி சால்டர் செய்து தரும் ஆட்கள் இருக்கிறார்கள், நண்பரின் கார்டு அப்படித்தான் பிழைத்தது. பவர் சப்ளை முனையையும் கழற்றிப் பார்க்க மறந்துவிடாதீர்கள். அவருடையதில் அங்கேயும் ஒரு ஓட்டை பழுப்பாக இருந்தது, முதலில் நான் அதைக் கவனிக்கவே இல்லை.